முதல் மருந்து எத்தனை மணிக்கு ஏறியது?

தொற்று முற்றி உடம்பின் உறுப்புகளையே சாய்த்துவிடும் செப்சிஸ் என்ற நோயின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டபோது அம்மாவின் இரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்று அம்மா வீட்டில் இருக்கிறாள், தன் கையால் சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். அதற்காக நான் கும்பிடாத தெய்வமில்லை. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. எந்த அறிகுறியைக் கண்டு பயப்பட வேண்டும், ஆஸ்பத்திரியில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யாராவது ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அம்மா பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும். அந்த ஒருவராக நான் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். இதில் உள்ள மருத்துவ விவரங்கள், அம்மாவைப் பார்த்த டாக்டர்களும் சிஸ்டர்களும் பொறுமையாக விளக்கியவை, பிறகு நானாகத் தேடிப் படித்தவை.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூர். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது. தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். ராட்டை முன் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டாள். அடிக்கடி கழிப்பறைக்கு எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கும் உண்டு, அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் பலருக்கும் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்திருக்கிறது, வலது விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலியும் இருந்திருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அப்பா இறந்துவிட்டார், தம்பி சவூதியில் இருக்கிறான். வீட்டில் நானும் அவளும்தான்.

ஒருநாள் சாயங்காலம் அவளுக்கு நடுக்கம் கண்டது. சாதாரணக் குளிர் காய்ச்சல் இல்லை, இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடுகிற அளவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஊரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஊசி, மூன்று வேளை மாத்திரை, வைரஸ் காய்ச்சல் என்ற பதில், அவ்வளவுதான். சர்க்கரை பார்க்கவில்லை, சிறுநீர் பரிசோதனைக்கும் எழுதவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படித் தூக்கிப்போடுகிற நடுக்கம் வந்தால், கிருமி எந்த உறுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடாமல் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பக் கூடாது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், "டாக்டர், ஒரு தடவை சிறுநீரும் சர்க்கரையும் பார்த்துவிடலாமா?" என்று நீங்களே கேளுங்கள். அந்தப் பரிசோதனைகளுக்குப் பெரிய செலவில்லை.

மறுநாள் காலை காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டு மதினி, "விட்டுவிட்டது, இனி பயமில்லை" என்றாள். ஆனால் நேரம் போகப் போக அம்மா அம்மாவாக இல்லை. என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். படுத்திருக்கும்போதே ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. விடிந்ததிலிருந்து சிறுநீர் போகவே இல்லை. முழங்காலைப் பார்த்தேன், தோலில் ஊதா நிறத்தில் வலைபோலத் திட்டுத்திட்டாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் இதைவிட முக்கியமானது வேறில்லை. செப்சிஸ் என்பது கிருமி மட்டும் செய்கிற கேடு அல்ல. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதவறித் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வது. சிறுநீரகம், நுரையீரல், மூளை, இரத்த ஓட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சாயும். அதனால் தெர்மாமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. வயதானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் வரலாம், உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் போகலாம். பேச்சில் குழப்பம், வேகமான மூச்சு, படபடக்கும் நாடி, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிட்டுத் தோல் திட்டுத்திட்டாவது, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி: ஏதோ ஒரு தொற்று இருக்கும்போது இவற்றில் ஒன்றோ இரண்டோ புதிதாகத் தென்பட்டால் அது நாளைக்குப் பார்க்கிற விஷயம் இல்லை, அன்றே, அந்த மணியிலேயே பார்க்க வேண்டியது. தொற்று என்றால் சிறுநீர்த் தொற்றுதான் என்றில்லை. நிமோனியா, காலில் ஆறாத சர்க்கரைப் புண், பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சல், வயிற்றுக்குள் சீழ், நம் பக்கத்துத் தோட்டம் துரவுகளில் சிற்றுண்ணி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் என்று எதிலிருந்தும் இது கிளம்பலாம்.

தெருவில் கார் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் உடனே வண்டியை எடுத்தார். சேரன்மகாதேவி, பேட்டை தாண்டித் திருநெல்வேலி டவுனுக்குள் நுழைந்ததும் நெரிசல். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டே இருந்தேன். 108 வண்டியில் ஆக்சிஜன் உண்டு, பிரஷர் பார்த்துச் சலைன் ஏற்றத் தெரிந்த ஒருவர் கூடவே வருவார், கட்டணமும் கிடையாது. நோயாளிக்கு மூச்சு வாங்கினாலோ நினைவு தடுமாறினாலோ முதலில் 108-ஐ அழைத்துக் கேட்டுவிட்டு, தாமதமாகும் என்றால் மட்டும் வேறு வண்டி பாருங்கள்.

நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. போய்ச் சேரும்போது மாலை நான்கு மணி இருக்கும். பிரஷர் பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஒரு பாட்டில் சலைன் மாட்டினார்கள். பிறகு ஐ.சி.யூ.வில் சேர்க்க ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். ஏ.டி.எம்.மில் எடுத்தது கொஞ்சம், தம்பி அனுப்பியது கொஞ்சம், சித்தி வீட்டில் வாங்கியது கொஞ்சம் என்று சேர்த்துக் கட்டி முடிக்க இரவாகிவிட்டது. அதுவரை அம்மா அவசரப் பிரிவின் ஓரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருக்கின்றன, சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் மூன்றைத் தாண்டிவிட்டது, தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்று அறிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், பெரிய டாக்டர் வந்து சொல்வார் என்றார்கள். ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோன பிறகுதான் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, கீழே மருந்துக்கடையில் வாங்கி வரச் சொன்னார்கள். அந்தச் சீட்டில்தான் முதல் ஆன்டிபயாடிக் இருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது. மற்ற மருந்துகளோடு சேர்த்து ஒரு பையில் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து விடியும் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பெரிய டாக்டர் கூப்பிட்டார். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, செப்சிஸ், வென்டிலேட்டர் தேவைப்படலாம், டயாலிசிஸ் தேவைப்படலாம், ஒரு நாளைக்கு அறுபதாயிரத்துக்குக் குறையாமல் ஆகும், கட்ட முடியுமா என்று கேட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். அங்கே அந்தச் சிகிச்சைக்கு அது செல்லாது என்றார்கள். முடியாது என்றால் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பில் ஒரு லட்சத்து பன்னிரண்டாயிரம். ஒரு இரவுக்கு. அந்தப் பணத்தைவிட என்னை அறுத்தது வேறொன்று: அந்த இரவு முழுவதும் பக்கத்திலேயே இருந்தும், உள்ளே என்ன நடக்கிறது என்பதில் ஒரு வரிகூட எனக்குச் சொல்லப்படவில்லை. கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் நோயின் பெயரும் மருந்துகளின் பெயர்களும் மட்டும் இருந்தன. எந்த மருந்து எப்போது ஏறியது என்ற விவரம் இல்லை. தனியார் ஆம்புலன்சுக்குத் தனியாக நாலாயிரத்து ஐநூறு.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டே என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, முதல் ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள்?" எனக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்தார், அதிலும் இல்லை. கையில் இருந்த பில் கட்டைக் கேட்டார். ஒவ்வொன்றாகப் புரட்டி மருந்துக்கடை ரசீது ஒன்றை எடுத்தார். மேலே சின்ன எழுத்தில் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன: இரவு 11.24. அதே கட்டில் அவசரப் பிரிவுச் சீட்டு, மாலை 4.10. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நோயாளியின் கேஸ் ஷீட்டில் இரண்டு நேரத்தையும் எழுதினார். ஏழு மணி நேரத்துக்கும் மேல். அந்த இரண்டு எண்களையும் நான் இனி மறக்கப் போவதில்லை.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் செப்சிஸுக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்து இன்னதென்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் பாட்டில்களில் நிரப்பினார்கள். இதை ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும், மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம், இருந்தாலும் எடுத்துவைப்போம் என்றார் டாக்டரம்மா. லாக்டேட் பார்த்தார்கள், திசுக்களுக்கு இரத்த ஓட்டம் போதாதபோது அது ஏறும் என்றார்கள். எடைக்குத் தக்கபடி சலைனை வேகமாக ஏற்றினார்கள். அதற்கும் பிரஷர் எழும்பவில்லை என்றதும் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் சொட்டு மருந்தைத் தொடங்கினார்கள். முந்தைய ஆன்டிபயாடிக்கை மாற்றி மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் போட்டார்கள். சிறுநீர்க் குழாய் வைத்துப் பையை மாட்டினார்கள். இதெல்லாம் நடக்கும்போதே ஸ்கேனுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஸ்கேனில்தான் காரணம் கிடைத்தது. வலது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கல் அடைத்திருந்தது. மேலே சிறுநீரகம் வீங்கி, உள்ளே சீழ் தேங்கி நின்றது. அடைப்பை எடுக்காமல் எவ்வளவு வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் பயனில்லை, மடையை அடைத்துக்கொண்டு வயலை வடிய வைக்க முடியுமா என்று சிறுநீரகவியல் டாக்டர் கேட்டார். அன்று சாயங்காலமே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து வழி ஏற்படுத்திவிட வேண்டும், தாங்குவாரா என்று உறுதி சொல்ல முடியாது, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்றார். தம்பிக்குப் போன் கிடைக்கவில்லை. கை நடுங்கி முதல் எழுத்தே கோணிப்போனது. அந்தக் கையெழுத்தைத் தனியாகப் போட்டதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய பாரம். ஸ்டென்ட் வைத்த பிறகு பையில் இறங்கிய சிறுநீர் மோர் கலங்கிய நிறத்தில் இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் பிரஷருக்கான சொட்டு மருந்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். டயாலிசிஸ் தேவைப்படவே இல்லை. நல்லவேளையாகச் சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி சிக்கியது, ஈ.கோலை என்ற பாக்டீரியா. முதல் இடத்தில் கொடுத்த மருந்து அதைத் தொடவே தொடாது என்று அறிக்கையில் இருந்தது. ஆக, ஏழு மணி நேரத்துக்குப் பிறகு ஏறிய அந்த மருந்தும் வேலை செய்யாத மருந்து.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள்: ஆன்டிபயாடிக் தொடங்கியாகிவிட்டதா, எத்தனை மணிக்கு? அதற்கு முன் இரத்தக் கல்ச்சர் எடுத்தாயிற்றா? தொற்று எங்கே இருக்கிறது, அதை வடிக்கவோ அகற்றவோ வேண்டியிருக்குமா? சண்டைக்காரர் போலக் கேட்க வேண்டியதில்லை, பயந்துகொண்டும் கேட்க வேண்டியதில்லை. "செப்சிஸாக இருக்குமோ டாக்டர்?" என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். கேட்டதற்காக யாரும் நோயாளியை வெளியே அனுப்பிவிட மாட்டார்கள்.

மணிக்கணக்குக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று தோன்றலாம். கனடா, அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. செப்சிஸால் பிரஷர் விழுந்தபின், முதல் ஆறு மணி நேரத்தில், சரியான ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக அதில் கண்டார்கள். 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிரஷர் விழுந்த நிலையிலோ செப்சிஸ் என்பது ஏறக்குறைய உறுதியான நிலையிலோ ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் என்கிறது. பிரஷர் விழாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் விரைந்து பரிசோதித்து, சந்தேகம் தீரவில்லையென்றால் மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்கிறது. இந்த வித்தியாசமும் முக்கியம். எல்லாக் காய்ச்சலுக்கும் வீரியமான ஊசி போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாமல் போட்டுப் போட்டுத்தான் என் அம்மாவின் கிருமியைப் போல மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருக்கின்றன.

2012-இல் நியூயார்க்கில் ரோரி ஸ்டாண்டன் என்ற 12 வயதுப் பையன் பள்ளியில் விளையாடும்போது கையில் சிராய்த்துக்கொண்டான். காய்ச்சலும் வாந்தியுமாக மருத்துவமனைக்குப் போனவனை வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செப்சிஸில் இறந்துபோனான். அவனுடைய பெற்றோர் விடாமல் போராடியதில், 2013-இல் அந்த மாநிலம் எல்லா மருத்துவமனைகளும் செப்சிஸைக் கண்டுபிடிக்கவும் நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கவும் எழுத்துபூர்வமான நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதன் பிறகு அங்கே 49,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். கல்ச்சர், லாக்டேட், ஆன்டிபயாடிக் மூன்றையும் சீக்கிரம் முடித்த நோயாளிகளிடையே இறப்பு குறைவாக இருந்தது. இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி செப்சிஸில் இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று அவளுடைய தாய் சொன்னதற்கு மருத்துவமனை செவிசாய்க்கவில்லை. அந்தத் தாயின் முயற்சியால், குடும்பத்தார் சந்தேகப்பட்டால் வேறொரு மருத்துவக் குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லும் உரிமையை 2024 முதல் அங்குள்ள மருத்துவமனைகளில் படிப்படியாகக் கொண்டுவருகிறார்கள். இரண்டையும் படித்தபோது, நம் ஊரிலும் இது நடக்காத காரியம் இல்லை என்று தோன்றியது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்து 1.1 கோடிப் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பேரைக் கொல்லும் ஒன்றின் பெயரை, அது ஐ.சி.யூ. வாசலில் வந்து நிற்கும்போதுதான் நாம் கேள்விப்பட வேண்டுமா?

தனியாக நோயாளியோடு இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு நான் நேரம், பிரஷர், நாடி, ஆக்சிஜன், சிறுநீர்ப் பையின் அளவு, என்ன மருந்து ஏறியது, யார் வந்து பார்த்தார்கள் என்று எழுத ஆரம்பித்தேன். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு முப்பது மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் வர வேண்டும், தொடர்ந்து குறைந்தால் உடனே கூப்பிடு என்றார். அம்மாவின் விரல் நுனியை அழுத்திவிட்டு விடச் சொன்னார். வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவக்க வேண்டும். முதல் நாள் ஐந்து, ஆறு என்று எண்ணியும் வெளுப்பு மாறாமல் இருந்தது, சில நாளில் இரண்டு எண்ணுவதற்குள் சிவந்தது. அந்த விரல் நுனியை நான் எத்தனை முறை அழுத்திப் பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. நோட்டு வந்த பிறகு டாக்டர்களிடம் பேசுவதே எளிதானது. "எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டால் "பார்ப்போம்" என்று பதில் வரும். "இரவு இரண்டு மணியிலிருந்து சிறுநீர் குறைந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது" என்று சொன்னால் எழுந்து வந்து பார்ப்பார்கள்.

மருத்துவமனைகள் மாற்றிக்கொள்ள வேண்டியவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல. முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கும் கல்ச்சர் பாட்டில்களும் அவசரப் பிரிவின் அலமாரியிலேயே இருக்கட்டும், பணத்தைப் பிறகு பில்லில் சேர்த்துக்கொள்ளட்டும். அட்வான்ஸ் கட்டிய ரசீதுக்கும் முதல் ஊசிக்கும் முடிச்சுப் போடுவதை நிறுத்தினாலே பல உயிர் தப்பும். வாசலிலேயே மூச்சு, நாடி, பிரஷர், நினைவு நிலை நான்கையும் ஒரு தாளில் குறித்து, அளவு மீறினால் டாக்டரை உடனே அழைக்கும் அதிகாரத்தை சிஸ்டருக்குக் கொடுக்கலாம். அவர்கள்தான் நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறவர்கள், நிலைமை மோசமாவது முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தால் முதல் டோஸைக் கொடுத்துவிட்டு, கொடுத்த மணியைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். கிராமத்துக் கிளினிக்கிலிருந்து பாளையங்கோட்டைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஊர்கள் நம் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன!

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பில், ஆம்புலன்ஸ், வெளியில் வாங்கிய பொருட்கள், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் வாங்கவில்லை. என் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது, வட்டி ஓடுகிறது. சம்பளமில்லாத விடுப்பில் ஒரு மாதத்துக்கு மேல் போனது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு, ஆனால் எல்லா மருத்துவமனையிலும், எல்லாச் சிகிச்சைக்கும் செல்லாது. நோய் வருவதற்கு முன்பே உங்கள் ஊருக்கு அருகில் எந்தெந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்த பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு மருந்துக்கடை ரசீதுதான் சாட்சியாக நின்றது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அம்மாவுக்கு முதல் சில வாரம் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. இரவில் யாரோ குழாய் சொருகுகிறார்கள் என்று அலறி எழுந்தாள். அடுப்பில் வைத்ததை மறந்தாள். மனநிலை கெட்டுவிட்டதோ என்று நான் தவித்தேன். செப்சிஸிலிருந்து மீண்டவர்கள் பலருக்கு இப்படி மாதக்கணக்கில் இருக்கும் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைத்தேன், இப்போது தெருமுனை வரை போய் வருகிறாள். மறுபடி தொற்று வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம், ஆகவே சின்னக் காய்ச்சலையும் அசட்டை செய்யக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அது நிரந்தரமாக உள்ளே இருக்க வேண்டியது அல்ல. எடுக்க வேண்டிய தேதியைக் கேட்டு வாங்கிக் காலண்டரில் குறித்துவையுங்கள். வலி இல்லை என்று மறந்துவிட்டால் அதன் மேலேயே கல் படிந்து மறுபடி அடைக்கும். அம்மாவுக்குத் தொற்று முழுக்க அடங்கிய பிறகு வேறொரு நாளில் கல்லையும் எடுத்து ஸ்டென்டையும் எடுத்துவிட்டார்கள்.

அம்மா தேறிய பிறகு அந்தத் தனியார் மருத்துவமனையில் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்துபூர்வமாகக் கேட்டேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. முதலில் இழுத்தடித்தார்கள், விதியைக் குறிப்பிட்டு மறுபடி கடிதம் கொடுத்ததும் தந்துவிட்டார்கள். மருந்து ஏற்றிய அட்டவணையில் ஆன்டிபயாடிக்கின் பெயருக்கு எதிரே டிக் மட்டும் இருந்தது, நேரக் கட்டம் காலி. நஷ்டஈடு கேட்டு நான் எழுதவில்லை. முதல் டோஸை அவசரப் பிரிவிலேயே வைத்திருங்கள், கல்ச்சரை முன்னால் எடுங்கள், அந்தக் காலிக் கட்டத்தை நிரப்புங்கள், இரவில் வெளியே உட்கார்ந்திருப்பவரிடம் இரண்டு மணிக்கு ஒரு முறையாவது வந்து நிலைமையைச் சொல்லுங்கள் என்று நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ரசீதுகள் இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்கு அம்மாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகும்போது, அந்தத் தனியார் மருத்துவமனைக்கும் நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.